முயலா, கரடியா, வாத்தா?

முயல் படம் போட்ட பாட்டிலை வைசாக்கே திறந்தான். ஒரு கரண்டி பூசணிக் கூழ் லிட்டியாவின் வாய்க்குள் போனது. போன வேகத்திலேயே திரும்பி வந்து அவன் சட்டையில் உட்கார்ந்தது.

அவனுக்குப் பகீரென்றது. எட்டு மாதக் குழந்தை, விடிந்ததிலிருந்து ஒரு வாய் இறங்கவில்லை. பிரசவத்துக்குப் பிறகு அவன் மனைவி செரேயானா துறைமுக ஆபீசுக்குத் திரும்பிய முதல் நாள் இது. "பாப்பா பட்டினின்னு காதுல விழுந்துச்சு, அந்த நிமிஷமே வேலையை உதறிட்டு வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சொன்னால் செய்கிறவள். அந்த வேலைக்காக அவள் அலைந்த அலைச்சல் அவனுக்குத்தான் தெரியும்.

"அக்கா! கடைக்குப் போயிட்டு வரேன், இவளைக் கொஞ்சம் பாத்துக்குங்க!"

வேலிக்கு அந்தப் பக்கம் விலிமைனா கையை நீட்டினாள். காலையில் அவன் துணி துவைத்தபோதும் குழந்தை அவளிடம்தான் இருந்தது. அவள் வீட்டில் எந்நேரமும் ஒரு பட்டாளமே விளையாடும். எது யார் பிள்ளை என்று கேட்கிற வழக்கம் அந்தத் தெருவில் கிடையாது.

"அந்த முயல் பாட்டில் வேணாம்னா இங்க குடேன் தம்பி. கெரேகெரே."

கெரேகெரே என்று கேட்டுவிட்டால் ஃபிஜியில் இல்லை என்ற பேச்சே கூடாது. உடுத்தியிருக்கிற துணியைக் கேட்டாலும் அவிழ்த்துக் கொடுத்துவிட்டுச் சிரிக்க வேண்டும். வைசாக்கே கொடுத்தான், சிரித்தான்.

"முயலை யாரு வாங்கச் சொன்னது?" என்றார் கடைக்காரர் பன்சிலால். "கரடி வாங்குங்க. என் அக்கா பேரன் கரடி சாப்பிட்டுத்தான் இன்னிக்கு வாசல்ல நுழைய முடியாம இருக்கான்!"

கரடி வீட்டுக்கு வந்தது. லிட்டியா வாயையே திறக்கவில்லை. மோவாயைப் பிடித்துக் கெஞ்சினான், பாடினான், தானே ஒரு கரண்டி தின்று "ஆகா!" என்றான். அவள் கரடியைத் தட்டிவிட்டு ஏப்பம் விட்டாள். பசி ஏப்பம் என்று அவன் முடிவே கட்டிவிட்டான்.

மறுபடி வேலி. மறுபடி விலிமைனாவின் கை.

"கரடியும் வேணாமா? கெரேகெரே."

வைசாக்கே அதிர்ந்தே போனான். என் பிள்ளை பட்டினி கிடக்கிறது, இந்த அம்மா தன் வீட்டுக்கு வாரிக்கொண்டிருக்கிறாளே, நெஞ்சில் ஈரமே இல்லையா? இருந்தாலும் பாட்டில் கைமாறியது.

"கரடியையுமா துப்பிட்டா?" பன்சிலால் கல்லாவை விட்டு எழுந்தே விட்டார். "ஐயையோ, அது பெரிய கோளாறாச்சே! வாத்து ஒண்ணுதான் பாக்கி. அது டவுன்லதான் கிடைக்கும்."

"மெதுவா பேசுங்க! செரேயானா காதுக்குப் போயிடப் போகுது."

"சேச்சே, நான் ஏன் சொல்றேன்?"

பஸ் பிடித்து டவுனுக்குப் போய், வாத்தோடு வேர்த்து விறுவிறுத்துத் திரும்பியபோது, வீட்டு வாசலில் செரேயானா நின்றுகொண்டிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. காதில் போன்.

"பன்சிலால் அண்ணன் எல்லாம் சொல்லிட்டாரு. காலையிலேருந்து பச்சத் தண்ணி கூட இறங்கலையாமே! ஒரு நாள், ஒரே ஒரு நாள் உங்களை நம்பி விட்டேனே!"

"அது இல்ல செரே, இதோ வாத்து..."

"வாத்தும் வேணாம், வேலையும் வேணாம். மேனேஜருக்குப் போன் போட்டுட்டேன், ரிங் போகுது."

வைசாக்கேவின் கையிலிருந்து வாத்து நழுவியது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

சத்தம் கேட்டு விலிமைனாவின் கணவர் எரோனி, லிட்டியாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வேலியோரம் வந்தார்.

"தம்பி, காலையில மீன் கஞ்சி, அப்புறம் முயல், இப்ப கரடின்னு எங்க வீட்ல எல்லாத்தையும் வழிச்சுத் தின்னது உன் பொண்ணுதான். இனிமேயாவது அவளுக்கு ஊட்டறதை நிறுத்துப்பா, வயிறு வெடிச்சுடும்!"