பின்சுவர் ஓட்டையின் வரலாறு

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

மாப்பிள்ளை மிகுந்த பணிவோடு எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே என் உடம்பு சுகம், வீடுதான் சரியில்லை. இடுப்பெலும்பு முறிந்து இரண்டு மாதமாக உங்கள் வீட்டில் படுத்திருக்கும் உங்கள் தங்கையை இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துக்கொள்கிறேன் என்றேன் அல்லவா? முடியாது. சாக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நம் வீட்டில் கழிவறைக்குப் போக முன்வாசல் இறங்கி, வீட்டைச் சுற்றி, மூன்று படி ஏற வேண்டும். அவளால் முடியாதே என்று, பின்சுவரை உடைத்து நேராக ஒரு வழி வைக்கக் கொத்தனாரைக் கூட்டிவந்தேன். கடப்பாறையால் நாலு போடு போட்டிருப்பார், முழங்கால் உயரத்தில் தலையளவு ஓட்டை விழுந்தது, அவ்வளவுதான், தெருவில் சத்தம் கேட்டு, "ஐயையோ, நிறுத்துங்க!" என்று அலறிக்கொண்டு ஒரு அம்மா உள்ளே வந்தார். மரபுக் கட்டடத் துறை அதிகாரியாம். கையில் டேப், பின்னால் ஒரு போட்டோக்காரர். மில் தொழிலாளர்களுக்காகக் கட்டிய நாற்பது வீட்டில், கட்டின நாள் முதல் மாறாமல் இருப்பது நம் வீடு ஒன்றுதானாம். மற்றவர்கள் மாடி எடுத்தார்கள், டைல்ஸ் ஒட்டினார்கள். நான் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. அதற்குத்தான் உங்கள் தங்கை முப்பது வருஷமாக என்னைச் சோம்பேறி என்று திட்டினாள், இந்த அம்மாவோ, "எவ்வளவு அக்கறையா பாதுகாத்திருக்கீங்க!" என்கிறார். சுவரில் படிந்த அடுப்புக் கரியைக்கூடத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தொழிலாளி வாழ்ந்த தடயமாம், வெள்ளையடிக்கவே கூடாதாம். கேட்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது மச்சான், பொய் சொல்வானேன்.

பொய் அதற்கப்புறம்தான் சொன்னேன். "சுவர இடிச்சீங்களா?" என்று அவர் கேட்டதும் பயந்துபோனேன். அபராதம் போடுவார்களோ, வீட்டையே பிடுங்கிக்கொள்வார்களோ? "இது பழைய ஓட்டைம்மா, சுத்தி உதிர்ந்த காரையைத்தான் தட்டினோம்" என்று உளறிவிட்டேன். கொத்தனாரும் கடப்பாறையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "ரொம்பப் பழசுங்க" என்றார். "அப்போ, எதுக்காக வச்சாங்க?" என்று கேட்டார் அந்த அம்மா. காலை ஷிப்டுக்கு எழுப்ப மில்லிலிருந்து ஆள் வருவான், அது வழியாகக் குச்சியை விட்டு எங்க அப்பாவைக் குத்தி எழுப்புவான் என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்து வந்ததோ அந்தக் கதை! அவருக்குக் கண் கலங்கிவிட்டது. போட்டோக்காரர் குப்புறப் படுத்துப் படம் எடுத்தார்.

இப்போது ஓட்டையைப் பெரிதாக்கவும் முடியாது, அடைக்கவும் முடியாது. சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள். மழை நேராக என் படுக்கைக்கு வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் அது வழியாகத்தான் மணி கேட்கிறார். கல்லூரிப் பிள்ளைகள் நோட்டோடு வந்து, குச்சி எவ்வளவு நீளம் என்று கேட்கிறார்கள், நானும் ஆளுக்கொரு நீளம் சொல்லித் தொலைக்கிறேன். உண்மையைச் சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் அவளுக்கு வழி கிடையாது. அவள் இல்லாமல் சோறு இறங்கவில்லை மச்சான். இருந்தாலும் இன்னும் ஆறு மாதம் அவளை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். காரணத்தை மட்டும் அவளிடம் மூச்சு விடாதீர்கள்.

உங்கள் குடும்பம் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

தலை நிமிர முடியாத,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். அவளைத் தேடிக்கொண்டிருப்பீர்கள், தேட வேண்டாம். டாக்டரைப் பார்க்கப் போவதாக அக்காவிடம் சொல்லிவிட்டு, ஊன்றுகோலோடு ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டாள். அதிகாரி அம்மா அப்போது ஓட்டையை அளந்துகொண்டிருந்தார். குச்சிக் கதையை அவளுக்கும் சொன்னார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "இது ரெண்டு மாசம் முன்னாடி இல்லம்மா. எனக்காகத்தான் இடிச்சிருக்காரு. என்கிட்டகூடச் சொல்லல" என்றாள். அதிகாரி டேப்பைச் சுருட்டினார். "முடியாதவங்களுக்கு வழி வைக்க விதியிலயே இடம் இருக்கேய்யா! ஒரு மனு போதுமே!" என்று தலையில் அடித்துக்கொண்டு, அங்கேயே எழுதி வாங்கி அனுமதி கொடுத்துவிட்டுப் போனார். இப்போது உங்கள் தங்கை சுவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கொத்தனாரை விரட்டிக்கொண்டிருக்கிறாள்: "இன்னும் ஒரு முழம் அகலமா எடுங்க. ரெண்டு பேர் சேர்ந்து போகணும். நாளைக்கு இந்த மனுஷனையும் நான்தானே பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்?"