பியோ கி-ஹுன் பொத்தானை அழுத்திய நாள்

"கடைசியாக ஒருமுறை சரிபார்ப்பவர்" என்றொரு மனித இனம் உண்டு, வாசகரே. சியோல் நகரத்து உல்ஜிரோ சந்தில் பித்தளைப் பலகை செதுக்கும் பியோ கி-ஹுன் அந்த இனத்தின் தலைமகன்.

செதுக்கும் ஊசி எங்கே இறங்கி, எந்த வழியே போய், எந்த மூலையில் திரும்பி, எவ்வளவு ஆழத்தில் ஓடி, எங்கே எழ வேண்டும் என்று கணினியில் பாதை போட்டுக் கொடுத்தால் போதும். மிச்சத்தை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். மற்றவர்களுக்குக் கால் மணி நேர வேலை. கி-ஹுனுக்கு? மூன்று நாள். திரையில் ஓட்டிப் பார்ப்பார், ஒரு மூலையை மயிரிழை நகர்த்துவார், மறுபடி ஓட்டுவார், நகர்த்தியதைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைப்பார்.

அன்று பதினோரு மணிக்கு மியூங்-ஹீ ஓடிவந்தாள். இருபது வருடம் அடுத்தவர் கடைகளில் பாத்திரம் கழுவிய அவள் அம்மா சுன்-ரே, பன்னிரண்டு மணிக்குச் சொந்தமாக நூடுல்ஸ் கடை திறக்கிறார். அம்மா பெயரோடு வாசலில் மாட்ட வேண்டிய பலகை இன்னும் வெறும் பித்தளை.

"முதலாளி, முந்தாநாளே முடிஞ்சுதுன்னீங்களே!"

"முடிஞ்சுதும்மா. கடைசியா ஒரே ஒரு தடவை..."

"கல்யாணத்தன்னிக்கு இவரு கண்ணாடி முன்னாடி டையைச் சரிபண்ணி முடிக்கறதுக்குள்ள எங்கப்பா கோவிச்சுக்கிட்டு வீட்டுக்கே போயிட்டாரு," என்றார் மனைவி ஓக்-சிம்.

ஒருவழியாகக் கி-ஹுன் பொத்தானை அழுத்தினார். ஊசி சுழன்றது, வளைந்தது, திரும்பியது. என்ன நேர்த்தி! பத்து நிமிடத்தில் நின்றது. பலகையில் ஒரு கீறல்கூட இல்லை. பித்தளை எந்த உயரத்தில் கிடக்கிறது என்று இயந்திரத்துக்குச் சொல்ல மறந்திருந்தார். சுன்-ரேயின் பெயர் காற்றில், அப்பழுக்கில்லாமல் செதுக்கப்பட்டிருந்தது.

கி-ஹுன் வெளுத்துப்போனார். "பாதையை ஒருதரம்..."

"பாதையைத் தொட்டீங்க, கையை ஒடிச்சிருவேன்!" ஓக்-சிம் ஊசியைப் பித்தளை மேல் படும்வரை இறக்கி, அந்த உயரத்தைப் பதிந்துவிட்டு, தானே பொத்தானை அமுக்கினார்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், மியூங்-ஹீ பலகையை மேலங்கியில் சுற்றிக்கொண்டு ஓடினாள். கி-ஹுனும் பின்னாலேயே ஓடினார். வாழ்த்தவா? மன்னிப்புக் கேட்க! இரண்டாம் எழுத்தின் கீழ்மூலை இம்மியளவு மழுங்கியிருந்தது.

வாசலில் கூட்டம் கைதட்டியது. சுன்-ரே தன் பெயரை விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

"அம்மா, அந்தக் கீழ்மூலையில..." என்று இழுத்தார் கி-ஹுன்.

"எந்த மூலை?" விரல் அந்த மூலையில்தான் இருந்தது. "இருபது வருஷமா எல்லாரும் 'சித்தி, தண்ணி கொண்டா'ன்னுதான் கூப்பிட்டாங்க. எனக்கும் ஒரு பேரு இருக்குன்னே மறந்துபோச்சு. உள்ள வாங்க முதலாளி, முதல் கிண்ணம் உங்களுக்குத்தான்."

கி-ஹுன் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. நூடுல்ஸுக்கு மட்டும் திறந்தார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. மூன்று வாரமாகத் திருத்தித் திருத்தி, இன்னும் அனுப்பாமல் கைப்பேசியில் வைத்திருக்கிறீர்களே ஒரு மன்னிப்புக் கடிதம், அதில் யாருக்கு என்று பெயர் போட்டாயிற்றா?