அனல்கை ஐயாவின் சூடான அறை

மதிய மணி அடித்தால் சாப்பாட்டுக்கு ஓடுவது ஊர் உலக வழக்கம். எங்கள் மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் மட்டும் கூட்டம் பின்பக்கத்துச் சாமான் அறைக்கு ஓடும். அனல்கை ஐயா அங்கேதான் எழுந்தருளியிருந்தார். தள்ளுமுள்ளு என்றால் அப்படியொரு தள்ளுமுள்ளு. படித்த மனிதரான கணக்கர், வரிசையில் இடம்பிடிக்கத் தன் செருப்பைக் காலையிலேயே அங்கே விட்டுவிட்டு வெறுங்காலோடு திரிவார்.

ஐயா செய்த அற்புதம் இதுதான். மரத்துப்போன விரல்களைத் தன் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, கண்ணை மூடி முணுமுணுப்பார். சற்று நேரத்தில் விரல் சிவக்கும், மடங்கும், நிமிரும். "இறங்கிடுச்சு" என்பார். இறங்கியது குளிர்ப் பிசாசாம். மறுபடி ஏறாமலிருக்க மணிக்கட்டில் ஓர் ஆரஞ்சுக் கயிறு. கயிறு இலவசம். உண்டியல் மட்டும் தற்செயலாகப் பக்கத்தில் இருக்கும்.

கயிறு கட்டியும் பிசாசு தினமும் ஏறியதே, ஏன்? கேட்டால் நம்பிக்கை போதவில்லை என்பார், இன்னொரு கயிறு கட்டுவார். எங்களில் சிலருக்கு முழங்கை வரை கயிறு ஏறியிருந்தது.

எங்கள் வேலை, கடுகளவு திருகாணிகளை ஃப்ரேமில் மாட்டுவது. குளிரில் உட்கார்ந்தால் தூக்கம் வராது என்பது முதலாளியின் கண்டுபிடிப்பு. அவர் கம்பளிக் கோட்டுக்குள் புகுந்துகொண்டு, ஏசியைக் கடுங்குளிரில் வைத்து, ரிமோட்டைப் பையில் போட்டுக்கொள்வார். தூக்கம் வரவில்லை, வாஸ்தவம். தோள் இறுகியது, மூக்கு ஒழுகியது, விரல் வெளுத்தது, திருகாணி தரையெல்லாம் உதிர்ந்தது.

அதிகம் உதிர்த்தவர் என் அண்ணி. ஏசிக்கு நேர் கீழே அவருடைய மேஜை. போதாக்குறைக்கு வீசிங் வேறு. அண்ணனுக்கு வேலை போனதிலிருந்து அண்ணி சம்பளத்தில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. அந்த அடுப்பில்தான் ஐயா தண்ணீர் ஊற்றப் பார்த்தார்.

"பிசாசு இந்தம்மா மேல குடித்தனமே வச்சிருச்சு. இவங்க இருக்கிற வரைக்கும் மத்தவங்களையும் விடாது. அனுப்பிடுங்க" என்றார் முதலாளியிடம். முதலாளி சரியென்று தலையை ஆட்டினார்.

அண்ணி பதறவில்லை. "சரிங்க ஐயா. ஞாயித்துக்கிழமை வீட்ல என் விரல் நல்லாத்தான் இருக்கு. அன்னிக்குப் பிசாசுக்கும் லீவா?"

சிலர் சிரித்தோம். ஐயா சிரிக்கவில்லை. "விதண்டாவாதம் பேசக் கூடாது."

"பேசல. இடம் மாத்திக்கலாம். நீங்க என் மேஜையில உட்காருங்க, நான் உங்க ரூம்ல தனியா வேலை பார்க்குறேன். பிசாசு என் மேல இருந்தா அங்கயும் கூட வரும்ல? சாயங்காலம் யார் விரல் எப்படியிருக்குன்னு முதலாளி பார்க்கட்டும். நான் தோத்தா நானே வேலையை விட்டுடறேன்."

இத்தனை பேர் பார்க்க, மறுக்க முடியுமா? "அனல் என் கைக்குள்ள இருக்கு" என்று ஐயா வந்து அமர்ந்தார். முதலில் புன்னகைத்தார். பிறகு கையைத் தேய்த்தார். பிறகு அக்குளில் செருகிக்கொண்டார். கடைசியில் மூக்கு நுனியில் ஒரு சொட்டு தொங்கியது. விழுமா விழாதா என்று நாங்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் முதலாளி ஒரு திருகாணியை மேஜையில் வைத்து, "இதை எடுங்க ஐயா" என்றார். வெளுத்த விரல்கள் மூன்று தரம் தடவின. திருகாணி உருண்டு விழுந்தது.

"பிசாசு என் மேல தாவிடுச்சு" என்றார் ஐயா, பல் தந்தியடிக்க.

"ஒரு கயிறு கட்டிக்கிறீங்களா ஐயா?" என்றேன்.

எல்லோரும் சாமான் அறைக்குப் போனோம். அண்ணி ஒரு தட்டு நிறைய ஃப்ரேம்களை முடித்துவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருமல் இல்லை, விரல்கள் சிவந்திருந்தன. ஜன்னலில் ஐயா மாட்டியிருந்த திரையை அண்ணி விலக்கி, "வெளிய கையை நீட்டுங்க" என்றார் முதலாளியிடம். நீட்டியவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஜன்னலடியில் எங்கள் ஏசியின் வெளிப்பெட்டி அனல்காற்றைக் கக்கிக்கொண்டிருந்தது. அதன் உறுமலைத்தான் பிசாசின் ஓலம் என்று ஐயா சொல்லியிருந்தார்.

"ஹால்லேர்ந்து உறிஞ்சுற சூடு இங்க வந்து விழுது" என்றார் அண்ணி. "குளிர்ல உடம்பு ரத்தத்தை உள்ள இழுத்துக்குது, விரலுக்கு விடறதில்ல. சூடு பட்டா திரும்ப ஓடுது. நம்ம சூட்டை நமக்கே வித்துட்டு, என் வேலைக்கும் உலை வைக்கப் பார்த்தாரு."

முதலாளி ரிமோட்டை எடுத்து அண்ணி கையில் கொடுத்தார். "கதகதப்பா இருந்தா எல்லாரும் தூங்கிட மாட்டீங்களே?" என்றார் சந்தேகத்தோடு.

"இத்தனை நாளா திருகாணி தேடித் தரையில கிடந்தோமே, அதைவிடவா?"

நாங்கள் திரும்பிப் பார்த்தபோது ஐயாவும் இல்லை, உண்டியலும் இல்லை. இப்போது அடுத்த தெருச் சலவைக்கடையில், நீராவியில் வேகிறவர்களுக்குச் சூட்டுப் பிசாசை இறக்குகிறாராம். பெயர் பனிக்கை ஐயா. வரிசை வாசல் தாண்டி நிற்கிறதாம். போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். உண்டியலில் காசு போடும் முன் தலையை நிமிர்த்தி, அவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு மேலே எத்தனை மின்விசிறி சுற்றுகிறது என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.