ஐந்து நட்சத்திரக்காரர்

ஒரு வண்டி ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கிறது என்றால், அதற்குள் உட்கார்ந்திருப்பவருக்கு எத்தனை நட்சத்திரம்?

தர்மாவைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி ஒருநாளாவது வந்திருக்கும். அவருக்கு மட்டும் வந்ததில்லை. அவர் தனி ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஓர் இனம். ஈப்போ நகரில், தேநீர் விற்கும் ஒட்டுக்கடைக்கு ஒருவராவது இருக்கிறார். நட்சத்திரக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். சோதிடத்துக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. புது வண்டியைச் சுவரில் மோதவிட்டு, உள்ளே பொம்மையை உட்காரவைத்து, அதற்கு எங்கெங்கே அடிபட்டது என்று பார்த்து மதிப்பெண் போடுகிறார்களே, அந்த நட்சத்திரம். இவரை அடையாளம் காண்பது சுலபம். வண்டியைப் பற்றி நீங்கள் ஒன்றுமே கேட்டிருக்க மாட்டீர்கள், பதில் வந்துவிடும்.

ஏழு பேர் உட்காரும் அந்த உயரமான குடும்ப வண்டியை வாங்கிய நாள்முதல் தர்மா கைப்பேசியில் அதன் மோதல் வீடியோவை வைத்திருந்தார். கல்யாண வீட்டில் காட்டினார், கருமாதி வீட்டில் காட்டினார், பல் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சோடு காட்டினார். ஒருநாள் ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆற்றிக்கொண்டிருந்த தனேஷிடமும் காட்டினார்.

"பாரு தனேஷு, முன்பக்கம் அப்பளமா நொறுங்குது. பொம்மை மூஞ்சில ஒரு கீறல் இருக்கா?"

"பொம்மை பெல்ட் போட்டிருக்கேண்ணே?"

"அது பொம்மைலா. அதுக்குக் காடி ஓட்டத் தெரியுமா?"

தனேஷ் தேநீரை இன்னும் உயரத்திலிருந்து ஆற்றினான்.

தர்மா சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். ரப்பர்பால் லாரியின் பின்னால் தொங்கிக்கொண்டு பள்ளிக்குப் போனவர். பெல்ட் என்பது லாரியில் தொங்கத் தெரியாதவர்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்பது அவர் கொள்கை. ஆனால் வண்டிக்குக் கொள்கை புரியவில்லை. பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் கத்தியது. அப்படிக் கத்துவதற்கும் சேர்த்துத்தான் மதிப்பெண் போட்டிருந்தார்கள் என்பதை நட்சத்திரக்காரர் எவரும் படிப்பதில்லை. கோயில் திருவிழாக் கடையில் வேல் பொறித்த ஒரு கொக்கி கிடைத்தது. பெல்ட் இல்லாத வெறும் கொக்கி. அதை ஓட்டுநர் சீட்டின் பூட்டில் செருகியதும் வண்டி வாயை மூடிக்கொண்டது.

"முருகன் பாத்துக்குவாரு" என்றார்.

முன்னால் முருகன். பின்னால்? பின்சீட்டுக்கு மெரூன் நிறத்தில் இறுக்கமாக ஓர் உறை தைத்துப் போட்டார். பெல்ட்டுகளும் பூட்டுகளும், குழந்தை இருக்கையை மாட்டுகிற வளையங்களும், தொழிற்சாலை எந்த நிலையில் கொடுத்ததோ அதே நிலையில், ஒரு தூசி படாமல் அந்த உறைக்கு அடியில் அடக்கமாயின. நம்மவர்கள் ஒரு பொருளை மதிக்கிற முறை இது. மதிப்பு அதிகமானால் பொருள் கண்ணிலேயே படாது.

சென்ற மாதம் ஆயர் தாவாரில் அவர் தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழா. மகள் பிரமிளா தன் பழைய மைவி காரில் குழந்தையோடு வந்து இறங்கினாள். பேத்தி தன் வண்டியில் ஏறும் முதல் பயணம்! தர்மா அதற்காகவே கண்ணாடிகளைத் துடைத்துவைத்திருந்தார். பிரமிளா மைவியிலிருந்து குழந்தை இருக்கையைக் கழற்றிக்கொண்டு வந்து பின்கதவைத் திறந்தாள். தேடினாள். உறைக்குள் விரல் விட்டுப் பார்த்தாள்.

"அப்பா, மாட்டுற வளையம் எங்க?"

"உள்ளதான் இருக்கு. பத்திரமா."

"பெல்ட்டு?"

"அதுவும் உள்ளதான். அம்மா மடில வச்சுக்கட்டும்லா. இது அஞ்சு நட்சத்திரம் பிள்ள!"

"நட்சத்திரம் காடிக்குப்பா. பாப்பாவுக்கு இல்ல." இருக்கையைத் திரும்பத் தூக்கினாள். "நாங்க மைவியிலயே வாரோம். வளையம் வெளிய வந்தப்பறம் பாப்பா உங்க காடில ஏறட்டும்."

மனைவி விமலா யார் பக்கம் பேசுவது என்று நின்றாள். திருஷ்டி கழிக்க வாங்கிய பூசணிக்காய் அவள் இடுப்பில் இருந்தது.

"அப்பாடி, பாப்பா கனம் இருக்கு" என்று அதைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, மகளின் வண்டியில் போய் ஏறிக்கொண்டாள்.

தர்மாவுக்கு ரோஷம் வந்தது. மகள் பார்க்கும்படி, பேத்தி உட்கார வேண்டிய இடத்தில் பூசணிக்காயை வைத்தார். "நீயாச்சும் வா" என்றார். ஏழு பேர் வண்டியில் ஒரு மனிதரும் ஒரு காயும் புறப்பட்டார்கள்.

இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். முன்னால் மைவி. பாதி வழியில் ஓர் உடும்பு அவசரமே இல்லாமல் சாலையைக் கடந்தது. பிரமிளா பிரேக் போட்டாள். தர்மாவும் போட்டார். வேகம்கூட அதிகமில்லை. வண்டி சொன்னபடி கேட்டது. நேராக, ஓர் அங்குலம் விலகாமல் நின்றது. ஐந்து நட்சத்திரம், குறை சொல்ல முடியாது. அவர் நெஞ்சு ஸ்டீயரிங்கில் இடித்தது. பூசணிக்காய் மட்டும் நிற்கவில்லை. இரண்டு முன்சீட்டுகளுக்கு நடுவே பறந்து வந்து, வண்டியின் பெரிய தொடுதிரையில் மோதிப் பிளந்தது.

அந்த மோதல் வீடியோவைப் போல மெதுவாக ஓட்டிக் காட்ட அங்கே கேமரா இல்லை. தேவையும் இருக்கவில்லை. அவர் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். அது காலியாக, மெரூன் நிறத்தில், பளபளப்பாக இருந்தது. முன்னால் மைவி மறுபடி நகர்ந்தது.

ஆயர் தாவாரில் சட்டையெல்லாம் விதையோடு இறங்கியவரைப் பார்த்து, தங்கை கணவர் மகேந்திரன் சிரித்தார். "என்னா மச்சான், வீட்டுக்கு வாங்குன திருஷ்டிக்காய உங்க காடிக்கே ஒடச்சிட்டீங்களா?"

தர்மா நேராக உள்ளே போனார். சமையற்கட்டிலிருந்து கத்தி வாங்கிக்கொண்டு போய், பின்சீட்டு உறையைக் கிழித்தார்.

"என்னங்க, புது உறை!" என்று விமலா ஓடிவந்தாள். அவர் கிழித்துக்கொண்டே இருந்தார். வளையங்கள் வெளியே வந்ததும் பிரமிளாவைக் கூப்பிடவில்லை. கத்தியைக் கழுவி உரியவர்களிடம் கொடுத்தார். திரும்பும்போது பாப்பா யார் வண்டியில் தூங்கினாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் இவ்வளவு நேரமாகச் சிரித்தீர்கள். நல்லது. உங்கள் வண்டிக்கு எத்தனை நட்சத்திரம் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்காமலே சொல்வீர்கள் என்று தெரியும். பின்சீட்டில் ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள். கைக்கு என்ன அகப்படுகிறது என்பதை என்னிடம் சொல்ல வேண்டாம்.

தர்மா வீட்டுப் பூஜையறையில், முருகன் படத்துக்கு முன்னால், அந்த வேல் கொக்கி இப்போது இருக்கிறது. தினமும் அதற்கு விபூதி வைத்துவிட்டுத்தான் சாவியை எடுக்கிறார். நன்றியா, மன்னிப்பா, இல்லை சாமிக்கு அந்த வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டாரா? விமலா இரண்டு முறை கேட்டுவிட்டாள்.

"நேரமாச்சு, பெல்ட்ட போடு" என்கிறார்.