ஸ்பீக்கர் அண்ணையின் நித்திரை

வேலணைத் தீவிலேயே அதிகம் சத்தம் போட்டவர் எங்கள் ஸ்பீக்கர் அண்ணை. சத்தத்துக்கு அதிகம் பயந்தவரும் அவர்தான். கோயில் திருவிழா, கலியாணம், சாமத்தியவீடு எதுவானாலும் அவருடைய ஒலிபெருக்கிதான். சரவணையில் அவர் பாட்டுப் போட்டால் அடுத்த தீவில் மாடு பால் கறக்க விடாது.

இத்தனை வருடச் சத்தமும் கடைசியில் அவருடைய காதுக்குள்ளேயே குடிவந்துவிட்டது. இரவில் நித்திரை இல்லை. டொக்டர் கொடுத்த குளிசையும் கேட்கவில்லை. யார் பேசினாலும் எரிந்து விழுந்தார். ஒருநாள் பின்னேரம் மண்கும்பான் கடற்கரையில் தனியே போய் இருந்தவர், அன்றிரவு அடித்துப் போட்டதுபோலத் தூங்கியிருக்கிறார். அதன்பின் தினமும் போகத் தொடங்கினார்.

"தம்பி, காதுக்கை ஒரு வண்டு இருந்து கத்துது. கடலைப் பாத்துக்கொண்டு சும்மா இருந்தால்தான் அது வாயை மூடுது," என்றார் என்னிடம்.

ஆளே மாறிவிட்டார். முகத்தில் சிரிப்பு வந்தது. கோயிலில் பாட்டை மெதுவாகப் போட்டார். திருவிழாச் சபையார் பதறிப்போய், மெஷின் பழுதா என்று விசாரிக்க ஆளனுப்பினார்கள்.

அந்தச் சந்தோசத்தை அவர் தனக்குள் வைத்திருந்திருக்கலாம். கண்டவரையெல்லாம் வந்து ஒருக்கால் இருந்து பார்க்கச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏழெட்டுப் பேர் போனோம். சும்மா இருக்கத்தான் போனோம். ஆனால் தீவார் நாலுபேர் மணலில் கூடினால் கூழ் காய்ச்சாமல் எழுந்ததாகச் சரித்திரமே இல்லை. ஒருவர் பானை கொண்டுவந்தார், ஒருவர் நண்டு, இன்னொருவர் ஒடியல் மா. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மச்சான் கூழை உறிஞ்சிக்கொண்டே, ஸ்பீக்கர் அண்ணை இருக்கிற இடத்தில் பாட்டில்லையா என்று கேட்டான்.

விருந்தாளி கேட்டு இல்லையென்று சொல்ல அந்த மனிதருக்கு வராது. தானே போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து பாட்டுப் போட்டார். வேண்டாம் அண்ணை என்று சொல்ல எங்களில் ஒருவருக்காவது தோன்றவில்லையே என்பது இன்றைக்கும் மனதைக் குடைகிறது.

அடுத்த ஞாயிறு ஆட்களை ஏற்றிக்கொண்டு வான்கள் வந்தன. அதற்கடுத்த ஞாயிறு பந்தலே போட்டார்கள். ஒவ்வொரு முறையும் பாட்டுப் போட்டவர் அவர்தான். நித்திரை மறுபடியும் போய்விட்டது.

மாரி மழை முடிந்ததும் பெட்டிகளை விற்றுவிட்டு, மனைவியோடு எழுவைதீவுக்குப் போய்விட்டார். படகில்லாமல் அங்கே யாரும் போக முடியாது. போன மாதம் ஊர்காவற்றுறை இறங்குதுறையில், சாமான் வாங்க வந்தவரைக் கண்டேன். பத்து வயது குறைந்தவர்போல இருந்தார்.

"இப்ப நல்ல நித்திரை, தம்பி. ஒருக்கால் வாருமன். உம்மடை மச்சான் வந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வாரும்."

"ஓம் அண்ணை, வாறன்," என்றேன்.

அவருடைய படகு மறையும்வரை நின்று பார்த்தேன். அந்தக் கரையில் ஒரு பின்னேரம் அவருக்குப் பக்கத்தில் பேசாமல் இருக்க எனக்கு நிறைய ஆசை. ஆனால் அந்த மனிதர் தூங்கவேண்டும். நான் போகமாட்டேன்.