என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதுங்கள், அத்தை

போக்ராதெட்ஸ், அல்பேனியா,
மார்ச் கடைசி ஞாயிறு

மதிப்பிற்குரிய நாஸ்மியே அத்தைக்கு,

ஏரியின் இந்தக் கரையிலிருந்து உங்கள் தம்பி மகள் எத்லேவா வணக்கத்துடன் எழுதுவது. அப்பா, அம்மா, தம்பி இலிர், நான் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அப்பாவுக்கு மட்டும் ஜலதோஷம், காரணம் கீழே வருகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், வடக்கு மாசிடோனியாவின் ஸ்த்ரூகா கரையில் நீங்களும் ஜெமைல் மாமாவும் உங்கள் செல்ல மகள் ப்லெர்தாவும் தும்மல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன்.

ஜனவரியில் உங்கள் வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்ததும், எங்கள் புவியியல் ஆசிரியை, வளரும் நாடுகள் இரண்டின் வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதச் சொன்னார். மற்றவர்கள் புள்ளிவிவரங்களைப் பார்த்து எழுதினார்கள், நான் கண்ணால் பார்த்ததை எழுதினேன்: வடக்கு மாசிடோனியாவில் படுக்கையறையில் பகலிலும் ஹீட்டர் ஓடுகிறது, குழாயைத் திறந்தால் வெந்நீர், காலையில் தேனும் வெண்ணெயும், மாலையில் இறைச்சி, மேசையில் ஆரஞ்சுப் பழம் குறைவதே இல்லை, அல்பேனியாவிலோ குளிர் வந்தால் குடும்பமே சமையலறை அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக ப்லெர்தாவின் பள்ளியில் பெஞ்சுக்கு ஒரு மைக்ராஸ்கோப் இருக்கிறது. அதில் வெங்காயத் தோலைப் பார்த்தேன், அத்தை, யாரோ பொறுமையாகக் கட்டிய சுவர் மாதிரி இருந்தது! அதைச் சொன்னதும், "பத்தாவதுக்கு இங்கயே வந்து படியேன்டி" என்றீர்கள். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அப்பா அந்தக் கட்டுரையைச் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்தார். பாதியில் கரண்டியை வைத்துவிட்டு, "ஏன்டி, நாம என்ன குகையிலயா குடியிருக்கோம்?" என்றார்.

"உண்மையத்தானேப்பா எழுதினேன்."

"உண்மை எழுதறவளுக்கு, உங்கப்பன் பிடிச்ச மீனைப் பத்தி ஒரு வரி எழுத முடியலையா?"

இந்த மாதம் ப்லெர்தா எங்கள் வீட்டுக்கு வருகிறாள் என்று தெரிந்ததும் அப்பா அல்பேனியாவின் மானத்தையே தோளில் ஏற்றிக்கொண்டார். பக்கத்து வீட்டு பெட்ரிட் மாமாவிடம் ஹீட்டர் இரவல் வாங்கினார், மாடி வீட்டிலிருந்து கம்பளம் இறங்கியது, தினமும் ஏரி மீன் வறுபட்டது, மீன் அவளுக்கு, வாசனை எங்களுக்கு. ஹீட்டரும் வெந்நீர்த் தொட்டியும் மின்சார அடுப்பும் ஒன்றாக ஓடியதில் ஃபியூஸ் போய்க் கட்டிடமே இருண்டது. அப்பா அசரவில்லை. "மெழுகுவத்தி வெளிச்சத்துல சாப்பிடறது இங்க ஒரு நாகரிகம்மா" என்று ப்லெர்தாவிடம் சொன்னார். அவள் கை கழுவ உள்ளே போன நேரத்தில், பெட்ரிட் மாமா கம்பளிக் காலுறையோடு வந்து கதவைத் தட்டினார்.

"டேய் அக்ரோன், ஹீட்டரை எப்படா தருவே? என் பொண்டாட்டி நாயைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு தூங்கறா."

"மெதுவாப் பேசுடா, உள்ள விருந்தாளி இருக்கா. வா, மீன் சாப்பிடு."

"மீன் எதுக்கு? எனக்குச் சூடு வேணும்."

"ராக்கி இருக்கு, ஒரு கிளாஸ் உள்ள போனா சூடு தானா வரும்."

பெட்ரிட் மாமா கொஞ்சம் யோசித்தார். "சரி, அந்தப் பொண்ணு ஊருக்குப் போற வரைக்கும் ஹீட்டர் இருக்கட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார்.

சாப்பிட்ட பிறகு ப்லெர்தா கம்பளத்தில் காலை நீட்டிக்கொண்டு, "குடுத்து வச்சவடி நீ. பேசாம நான் இங்க வந்து படிக்கறேன். எங்க வீட்டுல குளிருக்கு எல்லாரும் சமையலறையிலதான் படுப்போம்" என்றாள்.

"நான் வந்தப்ப தனி ரூம் இருந்துச்சே?"

"அது உனக்குடி. நான் அம்மாகூட அடுப்பு பக்கத்துல, அப்பா ஓவர்கோட்டோட. வெந்நீரும் உனக்குத்தான். நீ பஸ் ஏறினப்புறம்தான் நாங்க தலைக்கே குளிச்சோம்."

"ஆரஞ்சு?"

"தொட்டிருந்தா அம்மா கையை உடைச்சிருப்பாங்க."

எனக்குத் தின்ற ஆரஞ்செல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது, அத்தை. இங்கே எங்கள் அப்பாவும் தன் போர்வையை அவளுக்குக் கொடுத்துவிட்டு ஓவர்கோட்டில்தான் சுருண்டிருந்தார். ஜலதோஷம் அப்படி வந்ததுதான். உங்கள் நாட்டு விருந்தாளியை எங்கள் நாட்டு வீட்டுக்காரர்களோடு ஒப்பிட்டு, அதற்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்! திருத்தி எழுத உட்கார்ந்தால் மிஞ்சியது கொஞ்சம்தான். உங்கள் ஊர்ப் பேருந்து சொன்ன நேரத்துக்கு வருகிறது. எங்கள் ஊரில் பேருந்து வராவிட்டால் போகிற காரெல்லாம் நின்று ஏற்றிக்கொள்கிறது. உங்கள் மருந்துக்கடையில் வரிசை அழகாக நிற்கிறது. எங்கள் கடையில் வரிசையே கிடையாது, ஆனால் காய்ச்சல்காரக் குழந்தை வந்தால் எல்லோரும் சேர்ந்து அதை முன்னால் தள்ளிவிடுகிறார்கள். எது மேல் என்று சத்தியமாகத் தெரியவில்லை. மைக்ராஸ்கோப் விஷயத்தில் மட்டும் சந்தேகமே இல்லை.

ப்லெர்தா சொன்னதை அப்பாவிடம் சொன்னது என் தப்பு. இப்போது பள்ளி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். "ஒரு வாரத்துக்கே அந்தப் பாடு பட்டிருக்காங்க. வருஷக்கணக்குல உன்னை விருந்தாளியா வச்சா மச்சான் உறைஞ்சே போயிடுவார்."

"வீட்டுப் பொண்ணு மாதிரி வச்சுக்கறேன்னு அத்தை சொன்னாங்கப்பா."

"சொல்லுவா. ஆரஞ்சை எனக்கு வேணாம்னு தள்ளி வச்சுட்டுச் சொல்லுவா. எங்க அக்காவை எனக்குத் தெரியாதா?"

ஆகவே, அத்தை, தயவுசெய்து என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதுங்கள். ப்லெர்தாவைத் திட்டுவது போலவே: சோம்பேறி, தட்டு கழுவத் தெரியாதவள், கூப்பிட்டால் புத்தகத்திலிருந்து தலை நிமிராதவள் என்று. எல்லாம் உண்மைதான், கூச்சப்படாதீர்கள். அப்பா படித்தால், விருந்தாளியை யாரும் இப்படித் திட்ட மாட்டார்கள் என்று நம்பிவிடுவார். விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு அதிக நாள் இல்லை, அதனால் கொஞ்சம் சீக்கிரம் கோபப்படுங்கள்.

ஜெமைல் மாமாவுக்கு என் பணிவான வணக்கம், அவருடைய ஓவர்கோட்டுக்கு என் நன்றி. ப்லெர்தாவுக்கு முத்தம். உங்கள் அடுப்பில் விறகு குறையாமல் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் வசவுக்காகக் காத்திருக்கும்,
எத்லேவா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அப்பா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டார். "திட்டு கேட்டு எழுதறவ எங்கடி விருந்தாளி?" என்று சிரித்து, தும்மி, கையெழுத்தும் போட்டுவிட்டார்! எனவே திட்ட வேண்டாம். ஆனால் பெண்ணைத் தனியாக அனுப்பினால் அக்கா என்ன நினைப்பாள் என்று, விண்ணப்பம் கொடுக்க வருகிற வாரம் அப்பா, அம்மா, இலிர் மூவரும் என்னோடு வருகிறார்கள். ஒரு வாரம் தங்குவார்களாம். இந்த வரியை அப்பா படிக்கவில்லை: அறையை அவர்களுக்குக் கொடுத்துவிடுவோம், நான் ப்லெர்தா பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன். யாராவது கேட்டால், நம் வீட்டில் எப்போதும் இப்படித்தான் என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.