குறட்டைக்கு ஒரு பொய்

மனைவி சொர்ணவல்லியை எப்படியாவது டாக்டர் முன்னால் உட்கார வைத்தே தீருவது என்று சேவுகன் சபதம் எடுத்தார். எடுத்த கையோடு ஒரு கொட்டாவி விட்டார்.

அரிமளத்தில் மோட்டார், பைப் கடை வைத்திருப்பவர். சேவுகன் என்று பெயர் வைத்தாலும் வைத்தார்கள், கல்யாணமான நாள் முதலாகச் சேவகம்தான். இப்போது தூக்கமும் போய்விட்டது. சொர்ணவல்லியின் குறட்டை, தண்ணீர் வற்றிய போர்வெல்லில் மோட்டாரை ஓடவிட்டது போல இருக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். திடீரென்று மோட்டார் நின்றுவிடும். மூச்சே இருக்காது. இவர் பதறி உலுக்கப் போவதற்குள் ஒரு திணறல் திணறி மறுபடி ஓடும். சத்தம் கேட்டால் இவர் தூக்கம் போச்சு. சத்தம் நின்றால் இவர் உயிரே போச்சு.

விடிந்தால் அவளுக்குத் தலைவலி. தோசைக்கல் முன்னால் நின்றபடியே கண் சொக்கும்.

"டாக்டர்ட்ட ஒரு எட்டு போயிட்டு வருவமா சொர்ணம்?"

"எதுக்கு?"

"நீ குறட்டை விடுற."

"நானா? பொம்பள எங்கிட்டாச்சும் குறட்டை விடுவாளா?"

"தெனமும் தலை வலிக்குதுங்கிறியே?"

"ஒங்களக் கட்டிக்கிட்டு வலிக்காம என்ன செய்யும்? நான் வரலை. வேணும்னா நீங்க போங்க."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் சேவுகனுக்கு யோசனை பிறந்தது. நோய் தனக்கு என்று சொல்லி, அவளைத் துணைக்குக் கூட்டிப்போனால்? கடையிலிருந்து புதுக்கோட்டை கிளினிக்குக்குப் போன் போட்டார். "அரிமளம் சேவுகன் பேசுறேன் டாக்டரம்மா. பேருக்குத்தான் எனக்கு வைத்தியம். பேஷண்ட் என் சம்சாரம்." டாக்டர் அன்புமொழி லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. "கூட்டிட்டு வாங்க" என்றார்.

வீட்டுக்குப் போய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "மூச்சு முட்டுது சொர்ணம். தொணைக்கு வாரியா?"

"அய்யய்யோ, கெளம்புங்க!" என்றாள். புடவை மாற்றித் தலைவாரி ஏற்கெனவே தயாராக இருந்தாள். வெற்றிக் களிப்பில் சேவுகன் அதைக் கவனிக்கவில்லை.

கிளினிக்கில் அவளுடைய கோளாறுகளை எல்லாம் தன்னுடையதாக ஒப்பித்தார். அசதி, தலைவலி, தூக்கத்தில் மூச்சு நிற்பது.

"குறட்டை?" என்றார் டாக்டர்.

"பயங்கரம்."

"வீடே அதிரும் டாக்டர்" என்று சொர்ணவல்லி எடுத்துக் கொடுத்தாள்.

"அப்படியே இவளையும் ஒரு தடவை பாத்துடுங்க" என்று மெல்லத் தூண்டிலைப் போட்டார் சேவுகன்.

"இவங்களத்தான் போன மாசமே பாத்தாச்சே. மணமேல்குடித் தங்கச்சி வீட்டுல இருந்தப்ப இங்க வந்து ஒரு ராத்திரி தங்கி டெஸ்ட்டும் எடுத்துக்கிட்டாங்க" என்றார் டாக்டர்.

"டெஸ்ட்டா? என்ன டெஸ்ட்டு?" என்றார் சேவுகன்.

"தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருது. ஆம்பளைங்கன்னா குறட்டைய வச்சுக் கண்டுபுடிச்சிடுவோம். பொம்பளைங்க அசதி, தலைவலின்னு வருவாங்க. வீட்டு வேலை அலுப்புன்னு எல்லாரும் விட்டுடுவாங்க. வருஷக்கணக்கா விட்டா பிரஷர் ஏறும், ரத்தக்குழாய் இறுகிப்போகும், இதயத்துல கொண்டுபோய் விடும்."

குழாய் என்றதும் சேவுகனுக்குக் கடை ஞாபகம் வந்தது. உப்புப் படிந்து அடைத்த குழாயை வெட்டிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டச் சொல்லுவார், கடைக்கு வருகிறவர்களிடம். சொர்ணத்துக்குப் புதுசை எந்தக் கடையில் வாங்குவது?

"எதுனாலும் செய்ங்க டாக்டரம்மா" என்றார்.

"மூக்குல மாட்டுற மெஷின் சொல்லியிருக்கேன். காத்து குடுத்துக்கிட்டே இருக்கும், மூச்சு நிக்காது. மாட்டிக்கிறேன்னு சொல்லிட்டாங்க."

சேவுகன் மனைவி பக்கம் திரும்பினார். "ஏன்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொல்லியிருந்தா என்னைய உள்ள அனுப்பிட்டு நீங்க வெளிய டீக்கடைல நிப்பீங்க. ஒங்களுக்குப் பிரஷர் பாக்கணும்னு எத்தனை வருஷமாக் கூப்புடுறேன்? வந்தீங்களா? நான் வரமாட்டேன்னு அடம் புடிச்சதும் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு ஓடியாந்துட்டீங்கள்ல. நீங்க போன் போட்டதுமே டாக்டர் எனக்குச் சொல்லிட்டாங்க."

அதற்குள் டாக்டர் இவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துவிட்டார்.

"நான் சொன்னதெல்லாம் பொய் டாக்டரம்மா!"

"பிரஷர் பொய் சொல்லலையே, ஏறித்தான் இருக்கு. இன்னைக்கு இங்கயே தங்குங்க. நீங்க தூங்குறதையும் பாத்துடுவோம்."

சேவுகன் பரிதாபமாக மனைவியைப் பார்த்தார். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப நான் வாரேன் டாக்டர். இன்னைக்காச்சும் பக்கத்துல இவரு குறட்டைச் சத்தம் இல்லாமத் தூங்குறேன்."